ஏழு ஊர் அரிசி

யாரிடமும் எதையும் கேட்காதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஊருக்குள் பரப்பியவனும் நானேதான். சாப்பிடும்போது உப்பு கம்மியாக இருந்தால்கூட வாயைத் திறக்க மாட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே சாப்பிட்டு எழுந்துவிடுவேன். ஒருமுறை சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்க மனமில்லாமல் இரண்டு மணி நேரம் வெயிலில் சுற்றி, தாலி கட்டி, பந்தியும் முடிந்து, இலை எடுக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். என் மனைவி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. கூடவே அவளும்தானே நடந்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் அவள் தன் அக்கா வீட்டுத் துக்கத்துக்குப் போய் நான்கு நாள் தங்கினாள். எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது. எதிர் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் தட்டில் போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். ஓசூரில் இருக்கும் மகளுக்கு ஒரு போன் செய்தால் ஓடி வருவாள். நான் நான்கு நாளும் டீயும் பொறை ரொட்டியும் தின்று கிடந்தேன். திரும்பி வந்தவள் சமையலறையில் கவிழ்த்தது கவிழ்த்தபடி இருந்த பாத்திரங்களைப் பார்த்தாள். "நாலு நாளா இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்டாள். நான் காலிப் பொறைப் பொட்டலத்தைக் காட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உலை வைத்தாள். மடையன் நான், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருடம் அவளுக்கு மார்பில் கட்டி என்று சொன்னார்கள். வேலூரில் டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். இப்போது எடுத்துவிட்டால் பிழைக்கலாம், தள்ளிப் போடக் கூடாது, இதோ பேப்பர், கையெழுத்துப் போடுங்கள் என்றார். இவள் பேனாவைக் கையில் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"ஒரு நேர்ச்சை பாக்கி இருக்குதும்மா. அத முடிச்சுட்டு வர்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன நேர்ச்சை, யாருக்கு, எப்போது? பஸ்ஸில் ஆம்பூர் வந்து சேர்வதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எட்டு வருடத்துக்கு முன் எனக்குக் காமாலை முற்றி நான் கிழிந்த துணியாகக் கிடந்தபோது மாதாவிடம் நேர்ந்துகொண்டாளாம். நான் எழுந்து நடமாடினால், வாணியம்பாடியில் அவள் ஞானஸ்நானம் வாங்கிய கோயிலில் தொடங்கி, ஒடுகத்தூருக்கு அப்பால் மலையடியில் இருக்கிற சின்ன மாதா கோயில் வரைக்கும் நடந்து, ஏழு ஊரில் அரிசிப் பிச்சை எடுத்து, அங்கே பொங்கிப் போட வேண்டுமாம். யார் பிச்சை எடுக்க வேண்டும்? நான்.

"நேந்துக்கிட்டது நீ. பிச்சை எடுக்கறது நானா?" என்று பஸ்ஸிலேயே கத்தினேன்.

"கத்துவீங்கன்னுதான் எட்டு வருஷமா சொல்லல."

ஒரு வாரம் சண்டை போட்டேன். எங்கள் பங்குச் சாமியாரைக் கூட்டிவந்தேன். "மாதா கோச்சிக்க மாட்டாங்கம்மா, மொதல்ல உடம்பப் பாருங்க" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், அவருக்குக் காபி கொடுத்தாள், கையெழுத்து மட்டும் போட மாட்டேன் என்றாள். டாக்டரம்மா சொன்ன தேதி நெருங்கிக்கொண்டே வந்தது. அவள் கட்டியோடு வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை நானே காவி வேட்டியை எடுத்துக் கட்டினேன். அவள் ஒரு மஞ்சப்பையும் புதுத் துண்டும் கொடுத்தாள். மூன்று கட்டளைகளும் கொடுத்தாள். காலில் செருப்புக் கூடாது. காசு வாங்கக் கூடாது. மூன்றாவதை இரண்டு தடவை சொன்னாள்: வாயைத் திறந்து கேட்க வேண்டும், அவர்களாகப் போட்டால் அது செல்லாது.

ஷூ கம்பெனியில் முப்பது வருடம் தையல் லைனில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். உலகத்துக்கெல்லாம் ஷூ அனுப்பிவிட்டு வெறுங்காலோடு புறப்பட்டேன்.

வாணியம்பாடியில் கோயில் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பக்கத்துத் தெருக்களில் முக்கால் மணி நேரம் சும்மா நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, தொண்டையைச் செருமி, அடுத்த வாசலுக்குப் போனேன். கடைசியில் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு வீட்டின் முன்னால் நின்றேன். வாசலில் திரை தொங்கியது. வெள்ளைத் தாடி வைத்த ஒரு பாய் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காவி வேட்டியையும் கையிலிருந்த துண்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாஃப் கரோ பாபா" என்று பேப்பரைத் திருப்பினார். அந்த ஊரில் பிச்சைக்காரனைப் போகச் சொல்லும் மரியாதையான பேச்சு அது.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நான் பிச்சைக்காரன் இல்ல!" என்றேன்.

அவர் பேப்பரை இறக்கினார். "அப்டியா? அப்ப இன்னா வேணும்?"

என்ன சொல்வது? பிச்சைதான் வேண்டும். காது சுடச் சுட, "மாதா கோயிலுக்கு நேர்ச்சை. ஒரு பிடி அரிசி வேணும்" என்றேன். முப்பது வருடம் நானூறு பேரைக் கத்தி வேலை வாங்கிய குரல், எனக்கே கேட்கவில்லை.

"வீட்ல யாருக்கு முடியல?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"இந்த வயசுல ஒரு ஆம்பள செருப்பில்லாம வந்து நிக்கறான்னா, வேற இன்னாத்துக்கு? சம்சாரமா?"

தலையசைத்தேன். அவர் திரையின் பக்கம் திரும்பி உருதுவில் ஏதோ சொன்னார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் நீளமாக ஏதோ கேட்டது, இவர் பதில் சொன்னார், மறுபடி அது கேட்டது. பிறகு திரைக்கு அடியிலிருந்து வளையல் போட்ட ஒரு கை, ஒரு டம்ளர் நிறையச் சீரகச் சம்பா அரிசியை நீட்டியது. பிரியாணிக்கு வைத்திருந்தது போலிருக்கிறது, அப்படியொரு வாசனை. பாய் அதை வாங்கி என் துண்டில் கொட்டினார். "எங்க வீட்ல உங்க சம்சாரத்துக்காக ஆண்டவன்கிட்ட துஆ பண்றேன்னு சொல்றாங்க. போய் வாங்க. தண்ணி குடிச்சுட்டுப் போங்க, வெயில் ஜாஸ்தி" என்றார். குடித்தேன். தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் மறுபடியும் பேப்பரில் இருந்தார்.

இரண்டாவது ஊரில் அவ்வளவு பேஜாராக இல்லை. ஒரு டீக்கடைக்காரரின் வீட்டில் கேட்டேன், போட்டார்கள். அன்று இரவு ஒரு கோயில் தாழ்வாரத்தில் படுத்தேன். கால் இரண்டும் கொப்புளித்திருந்தன.

எனக்கு உண்மையான பயம் ஆம்பூர்தான். எங்கள் ஊர். தெருவுக்கு நாலு பேர் என்னிடம் வேலை பார்த்தவர்கள். அதனால் ஊருக்குள் நுழையாமல், ஊருக்கு வெளியே ஆளில்லாத ஒரு சந்தில் புகுந்தேன். மூன்றாவது வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பினாள்.

"சார்?"

எந்த லைன், எந்த மிஷின் என்பதுகூட ஞாபகம் வந்தது. ஒரு நாள் பத்து நிமிடம் தாமதமாக வந்தாள். குழந்தைக்கு ஜுரம், இந்த ஒரு வாட்டி விட்டுடுங்க சார் என்று எல்லார் முன்னாலும் கெஞ்சினாள். "கெஞ்சறதெல்லாம் இங்க வேணாம்" என்று சொல்லி, கேட்டிலிருந்தே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். அழுதுகொண்டே போனாள். இத்தனை வருடத்தில் நான் அதை நினைத்ததே இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் நேற்று நடந்தது மாதிரி இருந்தது.

"சும்மா இப்டி நடந்து போறேம்மா" என்று துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அவள் காவியைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மறைத்த துண்டையும் பார்த்துவிட்டாள். "எங்க அத்தை மடிப்பிச்சை எடுத்தவங்கதான் சார். எனக்குத் தெரியும். கேளுங்க."

"அது... வந்து..."

"கேட்டாத்தானே சார் பலிக்கும்?"

கேட்டேன். அவள் முகத்தைப் பார்க்காமல், காய்ந்துகொண்டிருந்த ஒரு பாவாடையைப் பார்த்துக் கேட்டேன். "ஒரு பிடி அரிசி குடும்மா."

"குடுக்கறேன். ஆனா பத்து நிமிஷம் லேட்டாகும் சார்" என்றாள். உதட்டில் சிரிப்பு இருந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வெயிலில் நின்றேன். உள்ளே ஸ்டவ் பற்ற வைக்கும் சத்தம் கேட்டது. சரியாகப் பத்து நிமிடம் கழித்து ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் முறத்தில் அரிசியுமாக வந்தாள். "ரேஷன் அரிசிதான் சார். கல்லு பொறுக்கினு இருந்தேன், அதான் லேட்டு" என்றாள். நான் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "அன்னைக்கு நான் பண்ணது தப்பும்மா" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அந்தக் குழந்தை இப்ப காலேஜ் போவுது சார். டீ ஆறிப் போவுது, குடிங்க" என்றாள்.

நாலாவது, ஐந்தாவது, ஆறாவது ஊர்களில் வாய் தானாகத் திறந்தது. மாதனூரில் ஒரு வீட்டில் "இல்ல போ" என்று கதவைச் சாத்தினார்கள். கோபம் வரவில்லை. அடுத்த வீட்டில் கேட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஒடுகத்தூர் ரோட்டில் நடந்தேன். இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை, எதிரே மலை. ஏழாவது ஊரில், கோலம் போட்டு மாவிலை கட்டியிருந்த ஒரு வீட்டின் முன்னால் நின்று நான் கேட்கத் தொடங்குவதற்குள், உள்ளேயிருந்து ஒரு அம்மா, "கோவிந்தா!" என்று சத்தம் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். கையில் படி நிறையப் பச்சரிசி.

அப்போதுதான் உறைத்தது. புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாளுக்கு வேண்டிக்கொண்டவர்கள் நாமம் போட்ட சொம்போடு வீடு வீடாக அரிசி வாங்குகிற நாள். இவர்கள் வாசலில் "கோவிந்தா" சொல்வதும், வீட்டுக்காரர்கள் திருப்பிச் சொல்வதும் வழக்கம். நான் சொல்லாததால் அந்த அம்மாவே தொடங்கி வைத்துவிட்டு என் பதிலுக்காக நின்றார்.

"இன்னா சாமி, நாமத்த காணோம்? வேர்வைல அழிஞ்சுடுச்சா? சொம்பு எங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே ஓடி, மஞ்சள் கலந்த தண்ணீர் ஒரு செம்பு கொண்டுவந்தார். "கால நீட்டுங்க சாமி."

சும்மா இருந்தால் அரிசி கிடைக்கும், ஏழாவது ஊரும் முடியும். ஆனால் ஒரு மனுஷி நம்மை வேறு யாரோ என்று நினைத்துக் காலைக் கழுவுவதா? "அம்மா, நான் பெருமாள் கோயிலுக்கு வரல. நான் கிறிஸ்தவன். மாதா கோயிலுக்குப் போறேன்" என்று சட்டைக்குள் இருந்த ஜெபமாலையை எடுத்துக் காட்டினேன்.

செம்பு பாதி சாய்ந்தபடி நின்றது. அவர் மாலையைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். வலது குதிகாலில் கொப்புளம் உடைந்து மண்ணோடு மண்ணாக இருந்தது.

"அதுக்கு இன்னா பண்றது? கால்ல மண்ணு இருக்குது இல்ல?" என்று சொல்லிக் குனிந்து ஊற்றிவிட்டார். ஜில்லென்று இருந்தது. எரிந்தது. என் அம்மாவுக்குப் பிறகு என் காலை யாரும் கழுவிவிட்டதில்லை.

"ஒரு பிடி அரிசி குடுங்கம்மா. என் சம்சாரத்துக்கு ஆபரேஷன்" என்றேன். யாரும் கேட்காமலே காரணத்தையும் சொன்னேன்.

"நான் கோவிந்தான்னுதான் போடுவேன். நீங்க உங்க சாமி பேரச் சொல்லி வாங்கிக்கோங்க" என்றார். அவர் "கோவிந்தா" என்று போட, நான் "மரியே" என்று வாங்கினேன். நான் கிளம்பும்போது பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தார். "எங்க பசு கன்னு போடற நேரம். மொத கன்னு. அதுக்கும் உங்க மாதாம்மாகிட்ட ஒரு வார்த்த போட்டு வைங்க."

கோயிலுக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். மனைவியும் மகளும் பஸ்ஸில் முன்னாலேயே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று கல் கூட்டி, வாடகைப் பானை ஏற்றி, மூன்று நாள் அரிசியையும் கொட்டினோம். மகள் கரண்டியை எடுக்கப் போனாள். "அவரு ஆக்கட்டும்" என்றாள் இவள். அவள் சொல்லச் சொல்ல நான் கிண்டினேன். கிண்டிக்கொண்டே வழியில் நடந்ததையெல்லாம், அந்தப் பசு வரைக்கும், சொன்னேன். சீரகச் சம்பா, ரேஷன் புழுங்கல், பச்சரிசி, இன்னும் என்னென்னவோ எல்லாம் ஒரே பானையில். பச்சரிசி குழைந்து கூழாகிவிட்டது, புழுங்கல் விதைவிதையாக நின்றது, நடுநடுவே பிரியாணி வாசனை அடித்தது. கோயிலுக்கு வந்திருந்த பத்துப் பதினைந்து பேருக்கு இலையில் போட்டேன். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. இவள் மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டு, கட்டி இருந்த பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து அவள் சிரித்தாள்.

மகள் பானை கழுவப் போன பிறகு இவள், "ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"உங்களுக்குக் காமாலை வந்தப்ப நான் எந்த நேர்ச்சையும் வச்சுக்கல. ஒரு மெழுகுவத்திதான் ஏத்துனேன்."

எனக்குப் புரியவில்லை. "அப்ப இது?"

"இது நானா சொன்னது."

"பொய்யா? மாதா பேர்ல பொய்யா?"

"அவங்ககிட்ட சொல்லிட்டுதான் சொன்னேன்." கோயில் பக்கம் கையைக் காட்டினாள். "எனக்குக் கத்திக்கெல்லாம் பயமில்லைங்க. போனா போறேன், அது ஆண்டவர் சித்தம். நான் போய்ட்டா நீங்க இன்னா பண்ணுவீங்கன்னுதான் பயம். நாலு நாளைக்கே பொறை தின்னவரு. எதிர் வீட்ல அடுப்பு எரியும், அங்க ஓசூர்ல பொண்ணு ஆக்கி வச்சுகினு காத்துகினு இருப்பா. நீங்க கேக்க மாட்டீங்க. கேக்காமயே பட்டினி கெடந்து செத்துடுவீங்க. அதான், ஏழு வாசல்லயாவது உங்க வாயத் தொறக்க வச்சுட்டு அப்பால போய்ப் படுக்கலாம்னு பார்த்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் நடை, கொப்புளம் உடைந்த கால், அந்தச் சந்தில் வெயிலில் நின்ற பத்து நிமிடம். கத்துவதற்காக வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. பத்துப் பேர் பார்க்க, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அந்தத் துண்டில் இன்னும் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது. அவள் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பசுவுக்கு வேண்டிகிட்டீங்களா?" என்று கேட்டாள், நான் ஓய்ந்த பிறகு. இல்லை, மறந்துவிட்டேன். இரண்டு பேரும் எழுந்து போய் மாதாவின் முன்னால் மண்டியிட்டுப் பசுவுக்காக வேண்டிக்கொண்டோம்.

திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போட்டாள். வியாழக்கிழமை காலை உள்ளே கொண்டுபோனார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மகளை மருந்து வாங்க அனுப்பிவிட்டார்கள், அங்கே கியூ நீளம். கேண்டீன் கீழே இருந்தது. நான் போயிருக்கும் நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிட்டால்? அதனால் அசையவில்லை. முந்தின நாள் ராத்திரியும் சாப்பிடவில்லை. மத்தியானம் ஆனபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் ஒரு அம்மா. குடியாத்தத்தில் தறி ஓட்டுகிற குடும்பமாம், வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். அவர் டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சம் சோறு. நான் சுவரைப் பார்த்தேன். கதவைப் பார்த்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் படுத்திருந்தாள்.

"அம்மா, எனக்குக் கொஞ்சம் சோறு குடுப்பீங்களா?" என்றேன்.

"இத கேக்கறதுக்கா இவ்ளோ நேரம் செவுத்தப் பார்த்துகினு இருந்தீங்க?" என்று மூடியில் பாதியைத் தள்ளிக் கொடுத்தார்.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்து, கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, நல்லபடியாக இருக்கிறார் என்றார். வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். வெகுநேரம் கழித்துக் கண்ணை முழுக்கத் திறக்காமலே உதட்டை அசைத்தாள். குனிந்தேன்.

"சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன். எலுமிச்சம் சோறு. குடியாத்தத்துக்காரம்மா ஒருத்தங்க குடுத்தாங்க."

உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள். பிறகு, "அவங்களா குடுத்தாங்களா?" என்றாள்.

"இல்ல. நான் கேட்டேன்."

இப்போது கண்ணைத் திறந்தாள். என்னை உற்றுப் பார்த்தாள், பொய் சொல்கிறேனா என்று.

"உப்பு இருந்துச்சா?"

"கம்மியா இருந்துச்சு," என்றேன். "அதையும் கேட்டு வாங்கிப் போட்டுகிட்டேன்."